உடையாத ஒட்டு

எனக்குப் பச்சை நிறம் பிடிக்காது. நமுனுகுல மலைக்குக் கீழே, நாலு பக்கமும் தேயிலை சூழ்ந்த தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். ஓவியன் என்று சொல்லிக்கொள்கிறவன் சொன்னால் இன்னும் கூடச் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. பதினைந்து வருடமாக நான் பச்சைச் சாயம் வாங்கியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் ஓரிடத்தில் தேவைப்படும்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடு, நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். நன்றி ஐயா. வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் கோபப்படுவேன். எழுதினால் ஆற அமரச் சொல்லலாம். தேத்தண்ணியும் கொடுத்தீர்கள். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

என் பெயர் தினேஸ். வயது முப்பத்தெட்டு. பண்டாரவளையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். பத்து வருடமாக ஹொட்டல் சுவர்களில் படம் வரைந்து பிழைத்தேன். எல்லா ஹொட்டலுக்கும் ஒரே படம்தான் வேண்டும். சிவப்புச் சேலை, மூக்குத்தி, முதுகில் கூடை, முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. பின்னால் மலையை மட்டும் நான் நீல மூட்டமாக விட்டுவிடுவேன். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தார். மழையில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஊறி, அட்டை காலில் ஏறி, விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்து, அவர் மலையில் நின்று சிரித்ததை நான் பார்த்ததில்லை. அந்தப் பல்லை ஒவ்வொன்றாக வெள்ளையடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வாயில் எச்சில் ஊறும். துப்பிவிட்டுத் திரும்ப வந்து வரைவேன்.

அந்தப் பிழைப்பும் போயிற்று. ஹுமைத் என்று ஒரு கூட்டாளி, பண்டாரவளையில் பிரிண்ட் கடை வைத்திருக்கிறான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, போனில் நாலு சொல் எழுதினான். கொழுந்து எடுக்கிற பெண்ணைப் போனே வரைந்து கொடுத்துவிட்டது. அதே சேலை, அதே பல். அதைப் பெரிதாக அடித்து, நான் வரைந்திருந்த சுவரின் மேலேயே ஒட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கையில் ஆறு விரல் இருந்தது. ஹொட்டல்காரர் கவனிக்கவே இல்லை. நான் காட்டியபோது ஹுமைத் சிரித்தான்.

“ஆறு வெரல் இருந்தா இன்னும் கூடக் கொழுந்து எடுக்கலாம் தானே மச்சான், விடு.”

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது அந்தப் படம் அல்ல. பத்து வருடம் நான் வரைந்ததற்கும் அதற்கும் விரலைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்பதுதான்.

அதற்குச் சில வாரம் கழித்துப் பதுளையில் ஒரு கூட்டம். இந்தக் காலத்தில் கலைஞனின் பணி என்ன என்பது தலைப்பு. என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். ஒரு மாணவி எழுந்து, “போன்லயே படம் வருது சேர், இனி ஓவியர் எதுக்கு?” என்று கேட்டாள். மற்றவர்கள் பார்க்காததைக் காட்டுவதற்கு என்று சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கே அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அதை நாலைந்து தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அந்தப் பதிலிலிருந்துதான் சுவர் வேலை பிறந்தது. போனால் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். ஆட்கள் குடியிருக்கிற லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்குள், அவர்கள் முதுகு சாய்கிற சுவரிலேயே, அவர்களை ஆள் உயரத்துக்கு வரைய வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அந்த வாடையை மூக்கில் வாங்கிக்கொண்டு, அந்த ஈரத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போக முடியாது. கொழும்பில் கண்காட்சி நடத்துகிற ஓர் அம்மா இந்த யோசனையைக் கேட்டு, முடித்துவிட்டுச் சொல்லுங்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

வெள்ளைக்கல் தோட்டத்தில் மலை ஓரமாக ஆறு காம்பரா லயம் ஒன்று. கடைசிக் காம்பரா ஜீவராணி அக்காவுடையது. அவருக்கு நாற்பத்து மூன்று வயது, கொழுந்து எடுக்கிறவர். புருசன் கணபதி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாமனார் மாடசாமித் தாத்தா இடுப்புக்குக் கீழே விளங்காமல் ஐந்து வருடமாகக் கட்டிலில் கிடந்தார். மகள் விதுஷா லுணுகலையில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள், சனி ஞாயிறு மட்டும் வருவாள். அவர்கள் காம்பராவின் பின்சுவருக்குப் பின்னால் வேறு ஒன்றும் கிடையாது. மலைதான்.

முதல் நாள் நான் கேட்டபோது ஜீவராணி அக்கா கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

“எங்க செவுத்துல எங்களையே வரைஞ்சு என்னா தம்பி ஆகப் போகுது?”

“கொழும்புலருந்து பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்க அக்கா. பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா வீடு குடுக்காம இருக்க ஏலாது.”

“வீடு வருமா?” என்று அவர் திரும்பக் கேட்டார். புது வீட்டுக்கென்று அந்தத் தோட்டத்தில் மூன்று முறை அத்திவாரக் கல் நட்டிருந்தார்கள். மூன்றும் இப்போது ஆடு கட்டப் பயன்படுகின்றன. சற்று யோசித்துவிட்டு, “அப்பன்னா எங்க மாமனாரையும் சேத்துப் போடுங்க. ஆனா படுத்திருக்கிற மாதிரி வேணாம் தம்பி. நிக்கிற மாதிரி போடுங்க,” என்றார்.

அப்படியே போட்டேன். பதினொரு மாதம். வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறிப் போய், அக்கா காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு தொடங்கி, அவர் திரும்பி வரும்வரை வரைவேன். வாடை எனக்குப் பழகவே இல்லை. ஈர விறகு, மண்ணெண்ணெய், எலி, கிழவரின் மூத்திரம். நானும் அப்படி ஒரு காம்பராவில்தான் பிறந்தேன், அதனால்தான் இன்னும் குமட்டியது என்று நினைக்கிறேன். மூக்கைப் பொத்தாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். சுவரில் அவர்கள் நாலு பேரும் நின்றார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், சுவரே இல்லாதது போல, அந்த மலையை வரைந்தேன். தேயிலை இல்லாத மலை. மண்ணும் கல்லும் வேரும் மட்டும். உட்கார்ந்து பார்த்தால் மலை உள்ளே வந்து நிற்பது போல் இருக்கும்.

மாடசாமித் தாத்தாவுக்கு மட்டும் ஒரு குறை. “அஞ்சு வருசங் கழிச்சு எந்திரிச்சு நிக்கிறேன், சந்தோசந்தான்டா தம்பி. ஆனா மூக்கு என்னாத்துக்கு இம்புட்டுப் பெருசு? வெள்ளைக்காரத் தொரை மூக்குல்ல போட்டு வச்சிருக்க,” என்று ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரிப்பார். நான் மூக்கைத் திருத்தவில்லை. அவருடைய மூக்கு அதுதான்.

மூலையில் கையெழுத்துப் போடவில்லையா என்று விதுஷா ஒருமுறை கேட்டாள். என் வேலைகளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கால்வாசி இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு மீதியில் படம் வரைகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். அதையே அவளிடம் சொன்னேன்.

இனி ஒட்டு. அது பற்றித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்.

போன வருட மழையில், நான் வரையத் தொடங்கிய சில மாதத்தில், அந்தப் பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு விட்டது. என் படத்துக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி. மண்சரிவு பார்க்கிற ஆபீசிலிருந்து ஷாஹ்மி என்ற இளம் உத்தியோகத்தர் வந்து, வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்துப் பட்டை ஒன்று வைத்தான். ஆணியால் தேதியைக் கீறி, வலது கீழ் மூலையில் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தினான். அது அவனுடைய பழக்கம். எங்கே ஒட்டு வைத்தாலும் அப்படிச் செய்வானாம். பிறகு லயத்து ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னான்.

“மலை ஒரு நூல் நகர்ந்தாலும் இது வெடிச்சிடும். வெடிச்சா ஒண்ணும் யோசிக்க வேணாம். சாமான் சட்டியெல்லாம் விட்டுட்டு ஸ்கூலுக்கு ஏறிடுங்க. எனக்குப் பிறகு போன் பண்ணலாம்.”

போகும்போது என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “ரெண்டு பேரும் ஒரே சுவருல வேலை செய்யுறோம் அண்ணன். நீங்களும் காட்டுறீங்க, நானும் காட்டுறேன்,” என்றான். நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் ஒரு கைப்பிடிச் சீமெந்தை என் சுவர் வேலையோடு சேர்த்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த லயத்து ஆட்கள் ஏன் அதை அவ்வளவு நம்பினார்கள் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு முறை மழைக்குப் பயந்து ஸ்கூலுக்கு ஏறியிருக்கிறார்கள். இரண்டு முறையும் ஒன்றும் விழவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோழிகள் இல்லை, அரிசி நனைந்து முளை விட்டிருந்தது. மாடசாமித் தாத்தாவை நாற்காலியில் கட்டி நாலு பேர் தூக்கிப் போனபோது ஒருவனுக்குக் கால் வழுக்கி, கிழவர் தேயிலைக்குள் விழுந்தார். சளி கட்டி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒட்டு வந்த பிறகு ஆறு காம்பராவும் கூடி ஒரு முடிவு செய்தார்கள். மழையைப் பார்த்து ஏறுவதில்லை, வானொலியைக் கேட்டு ஏறுவதில்லை. ஒட்டு உடைந்தால் ஏறுவது. ஜீவராணி அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் பெரட்டுக்குப் போகுமுன் சாமி படத்துக்கு விளக்குக் காட்டிவிட்டு, அதே விளக்கை ஒட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு வாசலில் நின்று, “ஒட்டு நல்லாருக்கு,” என்று சத்தம் போட்டுச் சொல்வார். ஆறு காம்பராவும் அதற்குப் பிறகுதான் வேலைக்குக் கிளம்பும்.

கொழும்பு அம்மா பதினைந்து பேரோடு ஒரு சனிக்கிழமை வருவதாக முடிவானது. அதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் மழை பிடித்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் ஒட்டில் ஒரு மயிரிழை கண்டேன். காலையில் அக்கா பார்த்தபோது அது இருந்திருக்காது. தோட்டத்தில் அப்போது எல்லாரும் வேலையில் இருந்தார்கள். நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய் ஏதோ செய்துவிட்டேன் என்று என் வக்கீல் எழுதச் சொன்னார். அது பொய். நான் நிதானமாக யோசித்தேன். சொன்னால் அன்றைக்கே லயம் காலியாகும். ஆபீஸ்காரர்கள் கதவில் தாள் ஒட்டிப் பூட்டுவார்கள். ஆளில்லாத லயத்தில் என் சுவர் வெறும் சுவர். கொழும்பு ஆட்கள் வரமாட்டார்கள், பேப்பரில் வராது, வீடும் வராது. அந்த மக்களை யாரும் பார்க்கப் போவதில்லை. இன்னும் நாலு நாள்தான். இத்தனை வருடம் நின்ற மலை நாலு நாள் நிற்காதா?

சுண்ணாம்பைச் சீமெந்தோடு குழைத்து, நுனித் தூரிகையால் அந்த மயிரிழையை அடைத்தேன். ஐந்து நிமிட வேலை. பின்னேரம் அக்கா வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார், தட்டினார், அடுப்பு மூட்டப் போனார்.

புதன்கிழமை அது மறுபடி வெடித்தது. இந்த முறை தீக்குச்சி நுழையும். வெடிப்பை அடைத்துப் பயனில்லை என்று தெரிந்தது. ஒட்டையே பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன். ஆனால் பழையபடி இரண்டு பக்கமும் ஒட்ட வைத்தால் அதுவும் வெடிக்கும். என் வரைவுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, வலது பாதிக்கு அடியில் வைத்து, அதன் மேல் சீமெந்தைப் பூசினேன். பார்த்தால் வெடிப்பின் இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது. உண்மையில் இடது பக்கம் மட்டும்தான். இனி மலை எவ்வளவு நகர்ந்தாலும் அது உடையாது. மேலும் கீழும் திறந்துகொண்டு வந்த வெடிப்பைச் சுண்ணாம்பு வைத்து மூடினேன். நான் எந்நேரமும் அந்தச் சுவரில் ஏதாவது பூசிக்கொண்டிருப்பவன், யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

கட்டிலிலிருந்து தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்தவர், அசைவு மட்டும்தான் தெரியும். “என்னா தம்பி, ஒட்டுக்கிட்ட என்னமோ பண்றீங்க?” என்றார்.

“ஓரத்துல பாசி புடிச்சிருக்கு தாத்தா. தொடைக்கிறேன்.”

“நல்லாத் தொடைங்க சாமி. எங்களுக்கு அதுதானே காவலு.”

அந்த ஒன்று பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி நான் அந்தக் குடும்பத்துக்குப் பொய் சொன்னதில்லை.

அடுப்புத் தணலைச் சட்டியில் வாரி அருகில் பிடித்து அதைக் காய வைத்தேன். பிறகுதான் உண்மையான வேலை. மாதக் கணக்கில் புகை படிந்த சீமெந்தின் நிறம் சாம்பலும் இல்லை, கறுப்பும் இல்லை. தேத்தண்ணிச் சக்கையைப் பிழிந்து ஒரு பூச்சு, அடுப்புக் கரியை எண்ணெயில் தேய்த்து இன்னொன்று, மேலே விரலால் தட்டிய சாம்பல். ஷாஹ்மியின் எழுத்தில் ஏழு என்ற இலக்கம் கொஞ்சம் முதுகு வளைந்திருக்கும், அதையும் வளைத்தேன். கீழ் ஓரத்தில் ஈரப் பாசி இருந்தது. அதற்குப் பச்சை வேண்டும். என்னிடம் பச்சை இல்லை. மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் ஒரு மங்கிய பாசி நிறம் வரும், அதை எடுத்து நகக்கண் அகலத்துக்கு ஒற்றினேன். பதினைந்து வருடத்தில் நான் தொட்ட ஒரே பச்சை. எழுந்து நாலடி தள்ளி நின்று பார்த்தேன். தெரியவில்லை. எங்கே நான் கை வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று பின்னேரம் ஜீவராணி அக்கா ஈரப் படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து விளக்கைப் பிடித்தார். பதினொரு மாதமும் அவர் என் படத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு கவனமாகப் பார்த்தது கிடையாது. நகத்தால் தட்டினார். “ஒட்டு நல்லாருக்கு,” என்று வாசலில் நின்று சொன்னார். பக்கத்துக் காம்பராவில் யாரோ ரேடியோவைப் போட்டார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடி பயத்தினால் என்று நீங்கள் நினைக்கலாம்.

வியாழக்கிழமை பீலித் தண்ணீர் கலங்கி வந்தது. மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற அந்தத் தண்ணீரைத்தான் அவர்கள் குடிப்பது. அக்கா ஒரு செம்பில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். தேத்தண்ணி நிறம்.

“தம்பி, மழைக்குக் கலங்குறது வேற. இது அடி மண்ணு. எனக்கு என்னமோ மனசு சரியில்ல. ஏறிருவமா?”

“ஒட்டப் பாருங்க அக்கா,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பார்த்தார். குனிந்து, கன்னம் சுவரில் படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெருமூச்சு விட்டார். “ஒடையலையே. நாந்தான் பயந்து சாகுறேன். மழைக்குள்ள மாமாவத் தூக்கிட்டுப் போயி மறுபடி கீழ போட்டா அந்தப் பாவம் யாருக்கு?” என்று சொல்லிவிட்டு, அந்தச் செம்புத் தண்ணீரை வாசலில் ஊற்றினார். எனக்கு ஒரு ரொட்டியும் சம்பலும் தந்தார். சனிக்கிழமை வருகிற ஆட்களுக்கு என்ன கொடுப்பது, தேத்தண்ணிக் கோப்பை பத்தாதே, மேல் லயத்தில் இரவல் வாங்கவா என்று கேட்டார். வாங்குங்கள் என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம், கொழும்பு ஆட்கள் திரும்பிப் போனதும், நானே அந்த ஒட்டை உடைத்துவிடுவதாக இருந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். சுத்தியல்கூட என் பையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மழை தாங்காமல் வேலையை நிறுத்தி எல்லாரையும் லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை நடந்திருந்தால் பாதிப் பேர் மலையில் இருந்திருப்பார்கள். அது என் கையில் இல்லை. முன்கூட்டியே வருகிற கொழும்பு அம்மாவைக் கூட்டிப்போக நான் பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பாதையில் மண் விழுந்து ரயில் எங்கேயோ நின்றுவிட்டது. ஹுமைத்தின் கடையில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அவனுக்குப் போன் வந்தது.

“மச்சான், வெள்ளைக்கல்லுல மலை எறங்கிட்டாம்,” என்றான். அவன் முகம் வெளிறியிருந்தது. “ஒன்ட லயம் தானாம்.”

“சுவர் நிக்குதா?” என்று கேட்டேன்.

ஹுமைத் என்னைப் பார்த்தான். போனைக் கீழே வைத்தான். பிறகு, “ஆக்கள் எப்பிடின்னு கேளுடா,” என்றான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என்னோடு பேசவில்லை. அந்த நேரத்தில் எவன் வாயிலும் எதுவும் வரும், அதற்காக ஒரு கூட்டாளியை விட்டுவிடுவதா என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஒன்பது பேர். ஜீவராணி அக்காவை மூன்றாம் நாள் எடுத்தார்கள். மாடசாமித் தாத்தா கட்டிலில் இல்லை, நாற்காலியில் இருந்தார். சேலையால் அவர் பாதி கட்டப்பட்டிருந்தார், அக்காவின் கையில் மறு நுனி இருந்தது. ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும். மாமனாரை விட்டுவிட்டு ஓடியிருந்தால் அக்கா தப்பியிருப்பார் என்று ஆட்கள் சொன்னார்கள்.

ஸ்கூல் மண்டபத்தில் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். புருசன் கணபதி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விதுஷா என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, அம்மா வியாழக்கெழம போன் பண்ணுனாங்க. நான் வந்து கூட்டிட்டுப் போகவான்னு கேட்டேன். ஒட்டு ஒடையல, நீ பயப்புடாமப் படின்னாங்க. எப்பிடி மாமா? ஒடையலன்னு தானே சொன்னாங்க?”

“ஆமாம்மா. நானும் பார்த்தேன். உடையல,” என்றேன். அழுதேன் ஐயா. அதை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு வாரம் கழித்துக் கொழும்பு அம்மா வந்தார். சேற்றில் நின்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோண்டி எடுத்த சுவர்த் துண்டுகளில் என் படம் உள்ளவற்றைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டார். மலையை உள்ளே வரைந்தீர்கள், மலை உள்ளே வந்துவிட்டது, இப்போதுதான் இது முழுமையடைந்திருக்கிறது என்றார். வாசனைப் பாக்கை மென்றுகொண்டே இதைச் சொன்னார். ஒன்பது பேர் செத்த இடத்தில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா அது? வெட்கம் கெட்டவர்கள். துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு விசாரணை வந்தது. ஒட்டு இருந்த சுவர்த் துண்டு முழுதாகக் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். இடது பாதிச் சுவரோடு ஒட்டு அப்படியே இருந்தது. அறிக்கையைப் பேப்பரில் போட்டார்கள். தரக்குறைவான கலவையால் செய்யப்பட்ட குறைபாடுள்ள ஒட்டு, அசைவைக் காட்டத் தவறியது, அதனால் மக்கள் வெளியேறவில்லை. ஷாஹ்மியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லயத்து ஆட்கள் சிலர் அவன் வீட்டுக்குப் போய்க் கல் எறிந்தார்கள்.

நான் பதுளைக்குப் போய் அவனைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். அவன் மனைவி முஷ்ரிபா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் சாப்பிடுவதே இல்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்றாள். அவன் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

“நீங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்க தானே அண்ணன். நான் மணல் கூட்டிப் போட்டேனா? சீமெந்து கொறைச்சேனா? எப்பிடி அது ஒடையாம இருந்துச்சு? அல்லாஹ்ட மேல சத்தியமா எனக்கு விளங்கல. ஒம்பது பேரு அண்ணன்.”

அவன் தன் போனில் அந்தச் சுவர்த் துண்டின் படத்தை வைத்திருந்தான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான், எனக்கும் காட்டினான். படித்தவன், கெட்டிக்காரன், தன் கையால் வைத்த ஒட்டு அது என்று நினைத்துக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இப்போது ஏன் தானாக வந்தாய் என்று கேட்டீர்கள். ஷாஹ்மிக்காக வந்தேன். ஒரு குற்றமும் செய்யாத ஒருவன் என் வேலைக்காகக் கெட்ட பெயர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பேப்பரை நான் வெட்டி வைத்திருக்கிறேன், தினமும் எடுத்துப் படிப்பேன். குறைபாடுள்ள, தரக்குறைவான என்ற இரண்டு சொல்லையும் பென்சிலால் அடித்து வைத்திருக்கிறேன்.

நான் சொல்வதற்குச் சாட்சி உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அந்த ஒட்டின் வலது பாதிக்குப் பின்னால் அப்பிக் காய்ந்த சேற்றை உளியால் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஒரு தாள் இருக்கும், அதில் ஜீவராணி அக்காவின் கையை நான் பென்சிலால் வரைந்திருப்பேன். வலது கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அதை ஷாஹ்மியின் விரலோடு ஒப்பிடுங்கள், பொருந்தாது. துணியால் அழுத்தி ரேகை தெரியாமல் நான் செய்திருக்கலாம். செய்யவில்லை. சீமெந்து பதமாக இறுகும்வரை காத்திருந்து, என் விரலை நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரே அழுத்தாக அழுத்தினேன். ஒவ்வொரு கோடும் தெளிவாக விழுந்திருக்கும்.

ஒட்டு உடைந்ததைக் கண்டு மறைத்தது நான். பொய் ஒட்டு வைத்தது நான். ஒன்பது பேர் சாவதற்குக் காரணம் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அறிக்கையிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் ஐயா. அதில் ஒரு குறைபாடும் இல்லை. மலையே மேலே விழுந்தும் அது உடையவில்லை.